வளைகுடா மால்களும் நம் பிள்ளைகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். துபாய் மால்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளிவந்த சுற்றுலாக் கட்டுரையையும், அதையொட்டி வந்த வாசகர் கடிதங்களையும் படித்தேன். கட்டுரையாளர் மால்களின் பரப்பிலும் பளபளப்பிலும் மயங்கி எழுதியிருந்தார். கடிதம் எழுதியவர்களில் ஒருவரோ, வளைகுடாவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகளை மால்களிலேயே வளர்த்துக் கெடுக்கின்றன என்று கடிந்துகொண்டிருந்தார். ஷார்ஜாவில் பல ஆண்டுகளாகக் குடியிருந்து, பள்ளிக்குச் செல்லும் இரண்டு பிள்ளைகளை வளர்த்து வரும் எனக்கு, இருவருமே இங்குள்ள வெயிலைக் கணக்கில் எடுக்காமல் பேசுவதாகப் பட்டது. அதனால்தான் இந்த நீண்ட கடிதம். இடமிருந்தால் வெளியிட வேண்டுகிறேன்.

மே மாதத் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் முடியும்வரை இங்கே பகலில் குழந்தையை வெளியில் விளையாட விட முடியாது. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் வெப்பம் 45 டிகிரி செல்சியஸைத் தொடுவது சாதாரணம். கடலோர ஊர்கள் என்பதால் பொழுது சாய்ந்த பிறகும் காற்றில் ஈரம் கனத்துக் கிடக்கும்; மூக்குக் கண்ணாடி அணிந்தவர் ஏசி காரிலிருந்து இறங்கிய கணமே கண்ணாடி பனித்துப் பார்வை மறைந்துவிடும். பூங்காச் சறுக்குமரத்தில் கை வைத்தால் சுடும். திறந்தவெளியில் வேலை செய்யும் தொழிலாளர்களையே ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12.30 மணியிலிருந்து 3 மணி வரை வெயிலில் நிறுத்தக் கூடாது என்று அரசு தடை விதித்திருக்கிறது என்றால், குழந்தைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிகளின் கோடை விடுமுறையும் அந்த மாதங்களில்தான் வருகிறது. ஊருக்குப் போய்விடலாமென்றால் விமானக் கட்டணமும் அப்போதுதான் உச்சத்தில் நிற்கும். நான்கு பேர் கொண்ட நடுத்தரக் குடும்பம் ஒவ்வோர் ஆண்டும் அதைத் தாங்க முடியாது. ஊர் போகாத கோடையில், ஒற்றைப் படுக்கையறை வீட்டில், பக்கத்து வீட்டாருக்குச் சத்தம் கேட்குமே என்று பந்தைக்கூடத் தட்ட விடாமல் அடக்கிவைத்த பிள்ளைகளை மாலைக்குமேல் மாலுக்கு அழைத்துச் செல்வது ஊதாரித்தனம் ஆகாது. கால் வீசி நடக்க அவர்களுக்கு அன்றைக்குக் கிடைக்கிற ஒரே தெரு அதுதான்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பதற்கு மாலின் வரலாறே சான்று. நான்கு பக்கமும் அடைத்து, உள்ளே ஒரே சீரான தட்பவெப்பத்தைக் காக்கும் மால்களுக்கு முன்மாதிரியானது, அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் 1956-இல் திறக்கப்பட்ட சவுத்டேல் சென்டர். வியன்னாவிலிருந்து நாஜிகளுக்குத் தப்பி அமெரிக்கா போன விக்டர் குரூயன் என்ற கட்டடக்கலைஞர் அதை வடிவமைத்தார். கடுங்குளிருக்கும் கோடைக்கும் ஒதுங்கி மக்கள் கூடிப் பேசும் ஊர்நடுவாக அது விளங்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். கடைகள் மட்டும் பெருகி மற்றவை கைவிடப்பட்டதைக் கண்டு பிற்காலத்தில் அவரே மால்களைச் சாடினார். வளைகுடாவில் அந்த முதல் எண்ணத்திற்கு ஓரளவு உயிர் இருக்கிறது. துபாயில் 1981-இல் அல் குரைர் சென்டர், 1995-இல் தேரா சிட்டி சென்டர், 2005-இல் மால் ஆஃப் தி எமிரேட்ஸ், 2008-இல் துபாய் மால் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்த இந்தக் கட்டடங்களில் பொருள் வாங்க வருபவர்களோடு, நடக்கவும் உட்காரவும் ஊர்க்காரரைச் சந்திக்கவும் வருபவர்களும் நிறையப் பேர். 2025 ஆகஸ்டில் துபாய் அரசே சில பெரிய மால்களைக் காலை 7 மணி முதல் 10 மணி வரை நடைப்பயிற்சிக்கென்று திறந்துவிட்டதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

ஆனால் கடிந்து எழுதிய அன்பர் முற்றிலும் தவறாகச் சொல்லிவிடவும் இல்லை. நவம்பர் முதல் மார்ச் வரை இங்கே கொடைக்கானல் காற்று வீசாவிட்டாலும், மாலையில் மேல்சட்டை தேடும் அளவுக்குக் குளிர்ச்சி உண்டு. ஐந்து திர்ஹம் கொடுத்தால் துபாயின் கிரீக் பூங்காவிலோ ஜபீல் பூங்காவிலோ நாள் முழுவதும் பிள்ளைகளை ஓட விடலாம். ஷார்ஜாவில் அல் மஜாஸ் நீர்முகப்பில் அந்தக் காசும் வேண்டாம். அந்த மாதங்களிலும் விடுமுறை நாள் மாலையென்றால் கார் தானாக மாலின் பக்கம் திரும்புகிறதே, அதற்கு என்னால் நியாயம் கற்பிக்க முடியவில்லை. கோடையில் வேறு வழியில்லாமல் பழகிய பழக்கம் குளிர்காலத்திலும் தொடர்கிறது, அவ்வளவுதான். கோடையிலும்கூட குளிர்ச்சி மால்களுக்கு மட்டும் சொந்தமில்லை. துபாய் ஜதாஃப் பகுதியில் குர்ஆனை விரித்து வைத்து ஓதும் மரத்தாங்கியின் வடிவில் 2022-இல் திறக்கப்பட்ட முகமது பின் ராஷித் நூலகமும், ஷார்ஜாவில் 2020-இல் திறக்கப்பட்ட ஹவுஸ் ஆஃப் விஸ்டம் நூலகமும் அதே ஏசி குளிரில்தான் இயங்குகின்றன. அங்கே தமிழ் முகங்களை நான் காண்பது அரிது.

மாலுக்குள் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்பதுதான் அடுத்த கேள்வி. பெரும்பாலான வீடுகளில் மால் பயணம் வாராந்தர மளிகைப் பயணமாகவும் இருக்கிறது. ஷார்ஜாவில் வெள்ளி, சனி, ஞாயிறு என மூன்று நாள் பள்ளி விடுமுறை. துபாயில் வேலை பார்க்கும் தந்தைக்கோ வெள்ளிக்கிழமையும் அலுவலகம் உண்டு. மற்ற நாள்களில் நெரிசலில் சிக்கி அவர் வீடு சேரும்போது சிறியவர்கள் தூங்கியிருப்பார்கள். எனவே அவர்கள் தந்தையோடு விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதி, அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் கறிவேப்பிலைக் கட்டும் நிறைந்த டிராலிக்குப் பக்கத்தில்தான் கழிகிறது. அந்த நேரத்தில் டிராலியின் முன்னிருக்கையில் குழந்தையை உட்கார வைத்துக் கையில் கைப்பேசியைக் கொடுத்துவிட்டால் வேலை சுலபமாக முடியும் என்பது உண்மைதான். கடைக்குள் நுழைந்ததிலிருந்து பில் போடும்வரை நிமிர்ந்தே பார்க்காத குழந்தைகளை வாரந்தோறும் காண்கிறேன். வெண்டைக்காயைப் பொறுக்கிப் போடவும், எடைச் சீட்டிலுள்ள விலையை வாசிக்கவும், பாலின் காலாவதித் தேதியைத் தேடவும் ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தாராளமாக முடியும். செய்யச் சொன்னால் மகிழ்ச்சியாகவே செய்வார்கள்.

கட்டணம் இல்லாமல் பார்க்கக்கூடியவை மால்களில் எத்தனையோ இருந்தும் நம்மவர்கள் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை. தங்கள் கட்டுரையாளரும் நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்க்க வேண்டியவற்றையே பட்டியலிட்டிருந்தார். துபாய் மாலின் மீன்காட்சித் தொட்டியில் ஒரு கோடி லிட்டர் நீர் இருக்கிறது. சுறாக்களும் திருக்கைகளும் நீந்தும் அந்தத் தொட்டியின் பெரிய முகப்பைக் கடைகளுக்கு நடுவிலுள்ள நடைபாதையில் நின்று எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். சீட்டு வாங்க வேண்டியது சுரங்கப்பாதைக்குள் போவதற்கு மட்டுமே. மால் ஆஃப் தி எமிரேட்ஸில் உள்ள பனிச்சறுக்கு அரங்கையும் கண்ணாடிக்கு இப்புறம் நின்று பார்க்கலாம். வெளியே வெயில் கொளுத்த உள்ளே பனி எப்படிக் கரையாமல் நிற்கிறது என்று என் இளையவன் கேட்ட கேள்விக்கு விடை சொல்ல, நானும் அவன் தந்தையும் சேர்ந்து வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்ட வேண்டியிருந்தது.

இவை எல்லாவற்றையும்விடத் தமிழ்ப் பிள்ளைகளை நான் அழைத்துச் செல்லச் சொல்வது இபின் பதூதா மாலுக்குத்தான். 2005-இல் திறக்கப்பட்ட அந்த மால், பதினான்காம் நூற்றாண்டுப் பயணியான இபின் பதூதா சென்ற நாடுகளின் வரிசையில் அண்டலூசியா, துனீசியா, எகிப்து, பாரசீகம், இந்தியா, சீனா என ஆறு கூடங்களாக அமைந்தது. 1304-இல் மொராக்கோவின் தாஞ்சியரில் பிறந்து, இருபத்தொரு வயதில் மக்காவுக்குப் புறப்பட்டவர், பல்லாண்டுகள் கழித்தே ஊர் திரும்பினார். இந்தியக் கூடத்தில் ஆளுயரத்தையும் தாண்டி நிற்கும் யானைக் கடிகாரம், அல் ஜஸரி என்ற பொறியாளர் தம் நூலில் விவரித்த கருவியின் மாதிரி. அதன் முன்னால் நின்று படமெடுத்துக்கொள்ளும் நம் குடும்பங்களில் எத்தனை பேர், இந்த மனிதர் நம் மதுரைக்கு வந்தவர் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள் என்று தெரியவில்லை. இலங்கைக்குப் போய் ஆரியச் சக்கரவர்த்தி என்ற யாழ்ப்பாண மன்னரைச் சந்தித்து, பாவாதமலை என்னும் சிவனொளிபாதமலை ஏறிவிட்டு, புயலில் சிக்கித் தமிழகக் கரையில் இறங்கி, அப்போது மதுரையை ஆண்ட சுல்தானின் விருந்தினராகத் தங்கியவர் அவர். அந்தச் சுல்தான் அவருக்கு மனைவி வழியில் உறவு. உறவென்று பாராமல் சுல்தானின் கொடுமைகளையும், மதுரையில் அப்போது பரவியிருந்த கொள்ளைநோயையும் தம் பயணக் குறிப்பில் பதிவு செய்திருக்கிறார். மதுரைப் பக்கம் தாத்தா வீடு உள்ள பிள்ளையிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் சீனக் கூடத்துக் கப்பல்வரை அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டே நடந்தார்கள். அந்த மால் ஒரே நீளமாகப் படுத்துக் கிடப்பதால் கதை முடியும்போது கால்களுக்கும் நல்ல வேலை கொடுத்தாகிவிடும்.

விளையாட்டுக் கூடங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பணத்தைக் கார்டில் ஏற்றிக்கொண்டு விளையாடும் முறையில், அந்த மீதிப் பணம் ஒருபோதும் ஒரு விளையாட்டுக்குச் சரியாக அமைவதில்லை. மூன்று திர்ஹம் மிஞ்சும், அடுத்த விளையாட்டுக்கு ஐந்து தேவைப்படும், மேலும் இருபது ஏற்றுவோம். மெத்தை விரித்த கூடங்களில் வழுக்காத காலுறை இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். மறந்து போனால் அங்கேயே விலை கொடுத்து வாங்கியாக வேண்டும். எங்கள் வீட்டு அலமாரியில் அப்படிச் சேர்ந்த காலுறைகள் தனியாக ஒரு பெட்டியில் கிடக்கின்றன. கையில் ரொக்கமாக ஒரு தொகையைக் கொடுத்து, இது உன் பணம், இதற்குள் விளையாட்டோ பொம்மையோ ஐஸ்கிரீமோ நீயே முடிவு செய்துகொள் என்று விட்டுவிட்டால், எட்டு வயதுப் பிள்ளை நம்மைவிடச் சிக்கனமாகச் செலவு செய்கிறது. ஊரிலிருந்து விசிட் விசாவில் வந்திருக்கும் பாட்டி தாத்தாக்கள் மட்டும், ஒவ்வொரு விலைச்சீட்டையும் ரூபாயில் பெருக்கிச் சத்தமாகச் சொல்வதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும்; கடைக்காரர்களில் பலருக்கும் அந்தக் கணக்கு நன்றாகவே புரியும்.

இனிச் சொல்லப்போவதை மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கருதுகிறேன். ஊரில் திருவிழாவுக்குக் குழந்தையை அழைத்துப் போகும்போது கையை விடாமல் பிடித்துக்கொள்வதோடு, தப்பித் தவறிக் கூட்டத்தில் பிரிந்துவிட்டால் தேரடியில் வந்து நில் என்று சொல்லித்தான் நம் பெரியவர்கள் கிளம்புவார்கள். ஏசியும் வெளிச்சமும் கண்காணிப்புக் கேமராவும் இருக்கிற இடத்திற்கு வந்தவுடன் அந்தப் பழக்கத்தை எப்படியோ கைவிட்டுவிட்டோம். துபாய் மாலில் 1,200-க்கும் மேற்பட்ட கடைகள் இருக்கின்றன. ஒரு தளத்தில் தொலைந்த குழந்தையை இன்னொரு தளத்தில் தேடும் பெற்றோரின் நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். சீருடை அணிந்த காவலரிடமோ, பில் போடும் இடத்தில் இருப்பவரிடமோ மட்டும் போய் நிற்க வேண்டும், தெரியாத யாருடனும் வாசலைத் தாண்டக் கூடாது என்று பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டும். காவலர் பெரும்பாலும் நேபாளத்தையோ ஆப்பிரிக்க நாடுகளையோ சேர்ந்தவராக இருப்பார். அவரிடம் ஆங்கிலத்தில் தன் முழுப் பெயரையும் பெற்றோரின் முழுப் பெயரையும் சொல்லக் குழந்தைக்குத் தெரிந்திருக்க வேண்டும். அம்மாவின் பெயர் என்ன என்று கேட்டால் "அம்மா" என்று மட்டும் சொல்லத் தெரிந்த குழந்தைகள் நம் வீடுகளில் நிறைய. கைப்பேசி எண்ணைப் பாட்டாகச் சொல்லிக் கொடுக்கலாம். மிகச் சிறியவர்களுக்கு மணிக்கட்டின் உள்பக்கம் பேனாவால் எழுதிவிடலாம். கார் நிறுத்திய தளத்தின் நிறத்தையும் தூணின் எண்ணையும் நினைவு வைக்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்தால் அவர்கள் ஒருபோதும் மறப்பதில்லை. நமக்குத்தான் மறக்கிறது.

நகரும் படிக்கட்டுகளில் தள்ளுவண்டியை ஏற்றக் கூடாது என்ற அறிவிப்புக்குப் பக்கத்திலேயே தள்ளுவண்டியோடு ஏறுகிறவர்களைக் காணாத வாரம் இல்லை. லிப்டுக்கு வரிசையில் நிற்கச் சில நிமிடங்கள் ஆகும், ஆகட்டும். மென்மையான ரப்பர் செருப்பு அணிந்த குழந்தையின் கால், படியின் ஓரத்துக்கும் பக்கச் சுவருக்கும் இடையில் மாட்டிக்கொள்ளும். துப்பட்டா, புடவைத் தலைப்பு, தரையைத் தொடும் பட்டுப்பாவாடை ஆகியவற்றுக்கும் அதே ஆபத்து உண்டு. தீபாவளி, பொங்கல் மாலைகளில் பாவாடையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியின் நடுவில் நிற்கச் சொல்வது நல்லது.

2012 மே 28 அன்று கத்தார் தலைநகர் தோஹாவிலுள்ள வில்லாஜியோ மாலில் நேர்ந்த தீ விபத்தை இங்கே நினைவூட்டுவது பலருக்குக் கசப்பாக இருக்கலாம். வெனிஸ் நகரைப் போல் கால்வாய் ஓடும் அழகிய மால் அது. அங்கிருந்த குழந்தைகள் காப்பகத்தில் புகை சூழ்ந்து, 13 குழந்தைகள் உட்பட 19 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் தீயணைப்பு வீரர்களும் அடக்கம். உள்ளே சிக்கியவர்களை அடைய மீட்புப் படையினர் கூரையை உடைக்க வேண்டியிருந்தது. குழந்தையைக் கட்டணம் செலுத்திய கூடத்தில் விட்டுவிட்டு மேல்தளத்தில் திரைப்படம் பார்க்கப் போகும் பெற்றோர், அந்தக் கூடத்திற்கு இரண்டாவது வாசல் இருக்கிறதா, அது பூட்டிக் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டாவது போகட்டும். கேட்டால் ஊழியர்கள் காட்டுவார்கள். நான் கேட்டபோது யாரும் முகம் சுளித்ததில்லை.

இன்னொன்று, ஊரிலிருந்து வருபவர்கள் பலரும் அறியாதது. ஐக்கிய அரபு அமீரகத்தில் பிறரை அவர்கள் சம்மதமின்றிப் படமெடுப்பதும், அந்தப் படத்தை இணையத்தில் பரப்புவதும் 2021-ஆம் ஆண்டின் இணையக் குற்றச் சட்டத்தின்படி தண்டனைக்குரியவை. நீரூற்றின் முன் குழந்தையை ஆடவைத்துக் காணொளி எடுக்கும்போது பின்னால் அமர்ந்திருக்கும் அரபுக் குடும்பம் அதில் பதிவானால் சிக்கல் வரலாம். நம் குழந்தையின் முகத்தைத்தான் ஊரெல்லாம் பார்க்கக் கொடுக்கிறோம், அடுத்தவர் குழந்தையையாவது விட்டுவைப்போம்.

மால் நிர்வாகங்களிடம் எனக்குக் குறை இல்லாமல் இல்லை. எங்கள் பகுதிக்கு அருகிலுள்ள ஒரு மாலில், முன்பு முதியவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் உட்கார்ந்திருந்த இருக்கைகள் சில ஆண்டுகளில் ஒவ்வொன்றாக மறைந்து, அதே இடத்தில் காப்பிக் கடைகளின் மேசைகள் வந்துவிட்டன. இப்போது உட்கார வேண்டுமானால் ஏதாவது வாங்கித்தான் ஆக வேண்டும். குடிநீர்க் குழாய் எங்கே என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. பாலூட்டும் அறைகளும் தொழுகை அறைகளும் தூய்மையாகவும் முறையாகவும் பராமரிக்கப்படுவதைப் பாராட்டும் அதே வேளையில், கோடை மாதங்களுக்காவது கட்டணமில்லாத இருக்கைகளை மீண்டும் போட வேண்டும் என்று அந்த நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன். இங்குள்ள தமிழ் அமைப்புகளும் இதைக் கேட்டால் பலன் கிடைக்கும். ஆண்டுக்கு இரண்டு மேடை விழாக்களை நடத்துவதில் செலவிடும் உழைப்பில் சிறு பங்கை, குளிர்கால வார விடுமுறைகளில் ஏதாவதொரு பூங்காவில் பிள்ளைகளைக் கூட்டிக் கபடியும் பாண்டியும் ஆட வைப்பதில் அவர்கள் செலவிடலாம். நடத்திக் கொடுக்கப் பெற்றோர் பலர் முன்வருவோம்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். சென்னை, கோவை, மதுரை என்று நம் ஊர்களிலும் மே மாத வெயிலுக்கு மாலில் ஒதுங்கும் குடும்பங்கள் பெருகிவருவதால் இது இனி வெளிநாட்டுச் செய்தியாக மட்டும் இருக்காது. அடுத்த முறை துபாய் மால்களைப் பற்றிச் சுற்றுலாக் கட்டுரை வெளியிடும்போது, எந்தக் கடையில் என்ன தள்ளுபடி என்பதோடு, காவல்துறைக்கு 999, ஆம்புலன்ஸுக்கு 998, தீயணைப்புக்கு 997 என்ற எண்களையும், குழந்தை தொலைந்தால் முதலில் அணுக வேண்டிய இடத்தையும் ஒரு சிறு பெட்டியில் அச்சிட்டால், பிள்ளைகளோடு முதன்முறையாக இங்கே வருகிறவர்கள் அதைக் கத்தரித்துக் கைப்பையில் வைத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
அல் நஹ்தா, ஷார்ஜா.